குளிசையும் கணக்கும்

'அவதானக் குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு' என்பது நாவிற்கு எளிதில் வசப்படும் தொடரன்று. மருத்துவரும் நோயாளரும் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஏ.டி.எச்.டி.' என்றே அதனை வழங்குகின்றனர். தமிழ்த் தொடரோ என் அளவில் முற்றும் பொருந்துவதில்லை. அவதானம் குறைவதன்று குறை. வேண்டிய இடத்தில் நில்லாது வேண்டாத இடத்தில் அது வேரூன்றிவிடுவதே குறை. ஒப்படைக்குரிய நூலைத் திறந்தால், அதன் அடிக்குறிப்பில் வரும் ஓர் ஊர்ப்பெயரைத் தேடுவதிலே பிற்பகல் முழுவதும் கழியும், ஒப்படை கழியாது. மிகையியக்கமோ எனின், சிறுபிராயந்தொட்டு வகுப்பில் ஆடாது அசையாது இருந்த பிள்ளை நான். இயக்கமெல்லாம் உள்ளேதான் நிகழ்ந்தது. அமைதியான பெண்பிள்ளைகளிடத்து இக்கோளாறு பல்லாண்டுகள் கண்டறியப்படாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

இது சிறுவர்க்கே உரியது என்னும் எண்ணம் மருத்துவ உலகிலும் நெடுங்காலம் நிலவிற்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980 இல் அவதானக் குறைபாட்டைத் தனியொரு கோளாறாக வகுத்தது. 2013 இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பே, 17 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடத்து ஆறு அறிகுறிகளுக்குப் பதிலாக ஐந்து போதுமெனத் தளர்த்தியது. அவற்றுட் பல 12 வயதிற்கு முன்னரே தென்பட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. 2023 இல், இரண்டாம் வருடத்தில், உளமருத்துவ நிபுணர் ஒருவர் முன் நான் அமர்ந்தபோது இவ்விதிக்குச் சான்று தேவைப்பட்டது. அம்மா என் ஆரம்ப வகுப்பு முன்னேற்ற அறிக்கைகளைத் தேடியெடுத்து அனுப்பினார். ஐந்து ஆண்டுகள், நான்கு ஆசிரியர்கள். அனைவரும் ஒருவரையொருவர் பார்த்தெழுதியவர் போல 'கெட்டிக்காரி, ஆனாற் கவனமில்லை' என்றே குறித்திருந்தனர்.

எனினும் நான் ஈண்டு எழுத விழைவது நோயைப் பற்றியன்று. ஒரு மருந்திலிருந்து மற்றொன்றிற்கு மாறுவது எவ்வாறு நிகழ்கிறது, அம்மாற்றத்திற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைப் பற்றியே எழுதுகிறேன். மருந்தை மாற்றுவது மருத்துவத் தீர்மானம் என்றே வெளியிலிருப்போர் எண்ணுவர். அது பெரும்பாலும் கணக்குத் தீர்மானமாகவே இருக்கிறது.

எனக்கு முதலில் எழுதப்பட்டது மெதயில்பெனிடேற் என்னும் குளிசை. சுவிற்சர்லாந்தின் சீபா கொம்பனியில் லேயாண்ட்ரோ பனிசோன் என்னும் இரசாயனர் 1944 இல் இதனை ஆக்கினார். 'றீற்றா' எனத் தாம் அழைத்த மனைவியின் பெயரைக்கொண்டே அதற்கு 'றிற்றலின்' எனப் பெயரிட்டார். அவ்வம்மையார் டென்னிஸ் ஆடுமுன் ஒன்றை விழுங்குவார் என்றொரு கதையும் உண்டு. மூளை நரம்புகளுக்கிடையே டோபமீன், நோரதிரனலீன் ஆகியவை விரைவில் மீள உறிஞ்சப்படுவதை இது தடுக்கிறது. உட்கொண்டு அரைமணி அளவிற் பயன் தெரியும். மூன்று அல்லது நான்கு மணிநேரத்தில் அது ஓய்ந்துவிடும். ஆதலின் நாளொன்றுக்கு மும்முறை, பத்துப் பத்து மில்லிகிறாம். ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் நாடித்துடிப்பும் குருதியழுத்தமும் பார்த்தே மருந்து தந்தனர்.

அதன் பயனை மிகைப்படுத்திக் கூற எனக்கு விருப்பமில்லை. ஒரு பக்கத்தை வாசித்து முடித்தபோது அப்பக்கத்தின் தொடக்கம் நினைவில் இருந்தது, அவ்வளவுதான். அந்த அவ்வளவு எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. தீங்குகளும் இருந்தன. பகலுணவுப் பொதி பிரிக்கப்படாமலே திரும்பிற்று. மாலை நான்கு மணியளவில் மருந்து வடியும்போது, காரணமின்றி எவரேனும் ஒருவர்மீது எரிச்சல் மூளும். அந்த ஒருவர் பெரும்பாலும் என் அறைத்தோழியாகவே இருந்தார்.

இம்மருந்தை அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவே பெற்றேன். இலவசம் என்ற சொல்லைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். மெதயில்பெனிடேற், 1971 இல் வியன்னாவில் நிறைவேறிய உளநிலை மாற்றும் பொருட்கள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெறுவது, கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. ஆகவே எனக்கு ஒரு மாதத்திற்கு மேற்பட்ட அளவு ஒருபோதும் தரப்பட்டதில்லை. மாதமொருமுறை அதிகாலை முதற் பஸ்ஸில் ஏறி, இலக்கம் எடுத்து, கிளினிக் கொப்பியை ஒப்படைத்து, வைத்தியரைக் கண்டு, பின்னர் மருந்து கொடுக்குமிடத்தில் மற்றுமொரு வரிசையில் நின்று மீளப் பகல் இரண்டு மணியாகும். திகதியை நினைவில் வைத்தல், கொப்பியைத் தொலைக்காதிருத்தல், நேரத்திற்கு எழுதல், பொறுமையாகக் காத்திருத்தல் ஆகிய நான்கையும் செய்ய வல்லவர்க்கு இம்மருந்தே வேண்டியதில்லை. இதனை நான் வைத்தியரிடம் கூறியபோது அவர் சிரித்தார். தாதியோ சிரிக்கவில்லை, கொப்பியின் அட்டையில் அடுத்த திகதியைச் சிவப்பு மையினாற் பெரிதாக எழுதித் தந்தார். அன்று தொடக்கம் அவரே எழுதினார்.

2024 இல் ஒரு காலை, மருந்து கொடுக்குமிடத்தில் என் துண்டு திருப்பித் தரப்பட்டது. கையிருப்பு இல்லை, வெளியில் வாங்குக என்றனர். எப்போது வரும் என்ற வினாவிற்கு எவரிடத்தும் விடை இருக்கவில்லை.

வெளியில் வாங்குதல் என்பதன் பொருளை 2022 ஆம் ஆண்டை அறிந்தோர் அறிவர். அவ்வாண்டு ஏப்பிரல் 12 ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தாண்டிற்று. நம் நாட்டில் வழங்கும் மருந்துகளிற் பெரும்பகுதி இறக்குமதியாவது; ஆதலின் டொலரின் ஏற்றம் மருந்தக மேசைவரை வந்து சேர்ந்தது. பின்னர் டொலரின் விலை ஓரளவு இறங்கிற்று. ஆயினும் பழைய நிலைக்கு மீளவில்லை.

குறுநேரக் குளிசை எங்கள் நகரில் நான் ஏறி இறங்கிய மருந்தகங்களில் இல்லை. ஒரு மருந்தகத்தில் அதன் நீண்டநேர வகை இருந்தது. காலையில் ஒன்று விழுங்கினால் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் மருந்தைச் சிறிது சிறிதாக விடுவது இவ்வகை. இதில் ஒரு வகையின் அமைப்பு வியப்பிற்குரியது: குளிசையின் ஓட்டில் லேசர் ஒளியால் இட்ட நுண்துளை ஒன்றுண்டு, உள்ளே நீர் ஊறி வீங்க, மருந்து அத்துளை வழியே தள்ளப்படுகிறது, வெற்று ஓடு பின்னர் உடலைவிட்டு வெளியேறுகிறது. எனவே, செலவைக் குறைக்கலாமெனக் கருதி அதனை இரண்டாக உடைத்தல் ஆகாது. உடைத்தால் மருந்து முழுவதும் ஒருங்கே இறங்கிவிடும்.

அதன் விலை, விடுதிச் சிற்றுண்டிச்சாலையில் இரு நேர உணவின் விலையை ஒத்திருந்தது. அக்காலத்தில் மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5000 ரூபா. 2025 இலேயே அது 7500 ஆக உயர்ந்தது. ஒரு தவணைப் பணம் முழுவதையும் கொடுத்தாலும் குளிசை இரண்டு வாரத்தைத் தாண்டாது. நான் கணக்கில் வல்லவளல்லள். கலைப்பீடத்திற்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் அன்றிரவு கொப்பியொன்றில், ஒரு மணிநேர வாசிப்பின் விலை என்ன என்று வகுத்துப் பார்த்தேன். நீண்டநேர வகையின் பன்னிரண்டு மணிநேரத்தில் நான் உண்மையில் நூலுடன் இருப்பது ஆறு. எஞ்சிய ஆறு மணிநேரம் பஸ்ஸிலும் வரிசைகளிலும் குளியலறை வாசலிலும் கழிவது. அங்கெல்லாம் அவதானம் இருந்துதான் ஆகப்போவதென்ன? குறுநேரக் குளிசையோ வேண்டும் வேளையில் மட்டும் உட்கொள்ளத்தக்கது. விலையை வகுக்கும்போது குளிசையின் எண்ணிக்கையால் வகுத்தலாகாது, பயன்கொள்ளும் மணிநேரத்தால் வகுத்தல் வேண்டும் என்பதை அவ்விரவு கண்டேன்.

இக்கணக்கை வைத்தியரிடம் அப்படியே கொண்டு சென்றேன். நோயாளர் பலர் விலையைப் பற்றி வைத்தியரிடம் பேசுவதை மரியாதைக் குறைவாகக் கருதுகின்றனர். அம்மாவும் தொலைபேசியில், "பிள்ளை, காசைப் பற்றி டொக்டரோட கதைக்காத. எழுதினதை வாங்கு, நான் அனுப்புறன்," என்றார். அவர் அனுப்பக்கூடியது எவ்வளவு, எதனை நிறுத்தி அனுப்புவார் என்பதை நான் அறிவேன். வைத்தியர் கோபிக்கவில்லை. கொப்பியை வாங்கி இருமுறை வாசித்தார். "இதை எல்லாரும் எழுதிக் கொண்டு வந்தா எனக்கு வேலை லேசு," என்றார். வாங்க இயலாத மருந்தை எழுதித் தருவது துண்டை எழுதித் தருவதேயன்றி மருந்து தருவதாகாது என்பது என் துணிபு. அவருடையதும் அதுவே என அன்று தெரிந்தது.

அவர் முன்வைத்த மாற்று அற்றொமொக்செற்றீன். தொடக்கத்தில் மனச்சோர்விற்கென ஆராயப்பட்டு, பின் 2002 இல் அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி.க்கென அனுமதி பெற்றது இம்மருந்து. இது தூண்டும் மருந்து வகையைச் சேர்ந்ததன்று. அவ்வுடன்படிக்கையின் அட்டவணையிலும் இல்லை. இந்தியாவில் ஆக்கப்படும் இதன் கப்சியூல்கள் மலிவு. இம்மலிவிற்குப் பின்னால் ஒரு வரலாறுண்டு: 1970 ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை வழங்காது, ஆக்கும் முறைக்கே வழங்கிற்று. ஆகவே வேறொரு முறையிற் செய்யத் தெரிந்தவர் எவரும் செய்யலாயிற்று. 2005 இல் அச்சட்டம் மாறுமுன் முப்பதாண்டுகளுக்கு மேலாக அங்கே மருந்துத் தொழில் வேரூன்றிவிட்டது.

நம் நாட்டிலும் அதே காலத்தில் அத்தகைய சிந்தனை ஒன்று எழுந்தது. பேராசிரியர் சேனக பிபிலே, வணிகப் பெயர்களை விடுத்துப் பொதுப்பெயரால் மருந்துகளை வாங்கவும் வழங்கவும் வேண்டுமென வாதித்தவர். 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவர் அவரே. பேராதனை மருத்துவ பீடத்திற் பணியாற்றியவர். 1977 இல் கயானாவிற் காலமானார். அவரைப் பற்றிப் பொது அறிவு வினாவிடைகளில் மனனம் செய்தபோது, எனக்கும் அவருக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்குமென நான் நினைத்ததில்லை. மருந்தகத்தில் இரு கொம்பனிகளின் அற்றொமொக்செற்றீன் இருந்தது; ஒன்றின் விலை மற்றதன் இருமடங்கு. வேறுபாடு என்ன என்று வினவினேன். "தங்கச்சி, பேருதான் வேற, மருந்து ஒண்டுதான்," என்றார் மருந்தகக்காரர். தமக்கு இலாபம் தரும் பெட்டியை ஒதுக்கி மற்றதை எடுத்துத் தந்த அம்மனிதர் பிபிலேயை அறிந்திருந்தாரோ இல்லையோ.

மாற்றத்தின் விலை குளிசையின் விலையோடு முடிவதன்று. மெதயில்பெனிடேற் அன்றே வேலை செய்வது, அன்றே விலகுவது. அற்றொமொக்செற்றீன் முழுப் பயனைத் தர நான்கு தொடக்கம் எட்டு வாரங்கள் செல்லும். அதாவது, முதல் மாதம் பணம் கொடுத்து வாங்குவது குமட்டலும் நாவறட்சியும் பகற்றூக்கமுமே; அவதானம் பின்னர் வரும். வரும் என்ற உறுதியும் இல்லை. அளவையும் படிப்படியாக உயர்த்தல் வேண்டும்: எனக்கு 25 மில்லிகிறாமிற் தொடங்கி 40, பின்னர் 60. இதனை உடைக்கும் ஈரல் நொதி சிலரிடத்துப் பிறவியிலேயே மந்தமாக இயங்குமாதலின், அவர்களுடைய குருதியில் மருந்து பன்மடங்கு தேங்கும். சில மனச்சோர்வு மருந்துகளும் அந்நொதியைத் தடுப்பன. ஆகவே வேறு என்ன மருந்து உட்கொள்கிறேன் என்பதை வைத்தியர் துருவித் துருவிக் கேட்டார்.

இவ்வேளையிற் கற்ற சில சிக்கனங்களைக் கூறலாம். அளவு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் ஒரு மாதத்திற்கு வாங்கினால், மாறியபின் எஞ்சுவது வீண். விற்றதை மருந்தகம் திரும்பப் பெறாது. ஆதலின் ஏழேழாக வாங்கினேன். பத்தின் அட்டையைக் கத்தரித்துத் தரும்போது காலாவதித் திகதி பொறித்த முனை கடையிலேயே தங்கிவிடும். அதனை அவ்விடத்திலேயே தொலைபேசியிற் படமெடுத்துக்கொண்டேன். 40 மில்லிகிறாமிற்கும் 60 இற்கும் விலையிற் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. உயர்ந்த அளவை வாங்கிப் பிரித்துக்கொண்டால் என்ன என்று எவருக்கும் தோன்றும். ஆனால் இக்கப்சியூலைத் திறத்தலாகாது. அதனுள்ளிருக்கும் தூள் கண்ணிற் பட்டால் உறுத்தும். இவையெல்லாம் பணச்சிக்கனம். காலச்சிக்கனத்திற்கு வழி ஏதும் இருக்கவில்லை. அந்த எட்டு வாரங்களுக்குள் அரையாண்டுப் பரீட்சை வந்தது. கையில் எஞ்சியிருந்த பழைய குளிசைகள் பதினெட்டு. அவற்றைப் பரீட்சை நாட்களுக்கென ஒதுக்கலாமென வைத்தியர் அனுமதித்தார். நாளுக்கு மூன்றாக ஆறு நாட்கள். பரீட்சை ஏழு நாட்கள். ஏழாம் நாள் வந்தது இலக்கிய வரலாறு. அதனை நான் மருந்தின்றியும் நேசித்தேன் என்பதால் அதற்கே விலக்களித்தேன். பெறுபேறு மோசமில்லை.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுப்பதை நாம் அறிவோம். விலை என ஐந்தாவது ஒன்றை வள்ளுவர் சேர்க்கவில்லை. என் அநுபவத்தில் நான்காம் கூறே மிக அரியதும், விலையின்றிக் கிடைத்ததும். குமட்டல் மிகுந்த காலைகளில், வெறுவயிற்றில் விழுங்காதே என்று பாணும் பருப்பும் வைத்துவிட்டுப் போனவர், மாலை நான்கு மணி எரிச்சலுக்கு ஓராண்டு ஈடுகொடுத்த அதே அறைத்தோழிதான்.

அற்றொமொக்செற்றீனை எட்டு மாதங்கள் உட்கொண்டேன். அது தீயதன்று. நாள் முழுவதும் ஒரு சமநிலை இருந்தது, மாலை எரிச்சல் இல்லை, தோழி மகிழ்ந்தார். ஆயினும் நூலின் முன் அமர்ந்தபோது அந்தப் பழைய கூர்மை வரவில்லை. தொடங்குதல் எளிதாயிற்று, தொடர்தல் ஆகவில்லை. மேலும் அதனை ஒரு நாளும் விடாது உட்கொள்ளல் வேண்டும். விடுமுறையில் வீட்டிலிருந்து அம்மாவுக்குத் துணியில் பொத்தான் தைத்துக் கொடுக்கும் நாட்களுக்கும் அதே செலவு. மெதயில்பெனிடேற்றை, வைத்தியர் இணங்கின், தேவையற்ற வேளையில் விட்டுவிடலாம். மலிவான கப்சியூல் ஆண்டுக் கணக்கில் அத்துணை மலிவாக இருக்கவில்லை என்பதைக் கொப்பி காட்டிற்று.

2025 இல் வைத்தியசாலைக்குக் குறுநேரக் குளிசை மீண்டும் வந்தது. வைத்தியரும் நானும் கணக்கைப் புரட்டிப் பார்த்துப் பழைய மருந்திற்கே மாறினோம். இம்முறை ஏற்பாடு வேறு: விரிவுரையும் நூலகமும் உள்ள நாட்களில் மும்முறை, ஏனைய நாட்களில் இருமுறை. இதனால் மாதத்திற்குச் சில குளிசைகள் மிஞ்சும். கிளினிக்கில் அவற்றையும் எண்ணிக் கொப்பியிற் பதிவர்; ஒளிப்பதற்கில்லை. கையிருப்பு மீண்டும் அற்றுப்போகும் மாதத்தில் அவை ஒரு வாரத்தைத் தாங்கும் என்பது வைத்தியரின் எண்ணம். அதற்குமேல் தாங்காவிடில் எந்த மருந்தகத்தில் எக்கொம்பனியின் கப்சியூல் என்ன விலை என்பதைக் கொப்பியின் பின்பக்கத்திற் குறித்து வைத்திருக்கிறேன்.

இதனை எழுதும் இன்று கையில் 41 குளிசைகள் உள்ளன. அடுத்த கிளினிக்கிற்கு 16 நாட்கள். மும்முறை நாட்கள் ஒன்பது, இருமுறை நாட்கள் ஏழு. இருபத்தேழும் பதினான்கும் நாற்பத்தொன்று. இம்மாதம் மிச்சமில்லை.